மிதியும் மதகும்: மகிழுந்தின் வேகத்தை ஆள்வது எது?

மகிழுந்து ஓட்டும் எவரையும் பார்த்து, "வலக்காலால் மிதியை அழுத்தும்போது இயந்திரத்துக்குள் செல்வது எது?" என்று வினவினால், "எண்ணெய்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நம் பேச்சு வழக்கும் அதற்கு இசைந்தே அமைந்துள்ளது. பெட்ரோல் விற்குமிடத்தை எண்ணெய் நிலையம் என்கிறோம். வேகத்தைக் கூட்டும் மிதியை எண்ணெய் மிதி என்கிறோம். மலாய் மொழியில் 'தெக்கான் மிஞாக்' என்பர்; எண்ணெயை அழுத்து என்பது அதன் பொருள். அமெரிக்க ஆங்கிலத்தில் அது 'கேஸ்' மிதி. 'கேசோலின்' என்னும் எரிபொருட் பெயரின் சுருக்கமே அச்சொல். மும்மொழியும் ஒரே கருத்தைத்தான் கூறுகின்றன. ஆயினும் பெட்ரோலில் ஓடும் மகிழுந்தைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தாது. மிதியை அழுத்தும்போது நாம் திறந்துவிடுவது காற்றையே. எவ்வளவு காற்று புகுந்தது என்று அளந்த பின்னரே அதற்கேற்ற எண்ணெய் சேர்க்கப்படுகிறது.

காற்று முன்னே, எண்ணெய் பின்னே என்னும் இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், இயந்திரத்தின் வேகம் எவ்வாறு கூடிக் குறைகிறது என்பது விளங்கும். அடிக்கடி நேரும் பழுதுகள் பலவற்றின் காரணமும் விளங்கும். மிதி சிக்கிக்கொண்டு வாகனம் கட்டுக்கடங்காமல் ஓடும் வேளையில் உயிரைக் காக்கும் முறையும் இதே அறிவிலிருந்தே பிறக்கிறது. ஆகவே அவ்வரிசையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

குரல்வளையும் மதகும்

காற்றின் வழியைக் கட்டுப்படுத்தும் உறுப்பை ஆங்கிலத்தில் 'திராட்டில்' என்பர். தொண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது அது; குரல்வளையை நெரித்தல் என்பதே அதன் பழைய பொருள். பெயர் பொருத்தமானதே. இவ்வுறுப்பு இயந்திரத்துக்கு எதையும் ஊட்டுவதில்லை. இயந்திரம் இழுக்கும் மூச்சை நெரித்தும் தளர்த்தியும் விடுவதே இதன் பணி.

தமிழில் இதற்கு இணையான காட்சி நம் முன்னோரின் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரிநீர் வயலுக்குப் பாய்வதை அடக்கி ஆள்வது மதகு. மதகு நீரை உண்டாக்குவதில்லை. நீரைத் தள்ளுவதும் இல்லை. தானே பாய முற்படும் நீருக்கு எவ்வளவு வழி விடுவது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. எனவே இக்கட்டுரையில் இவ்வுறுப்பைக் காற்று மதகு என்றே வழங்குவோம்.

காற்று மதகின் அமைப்பு எளியது. காற்று வடிகட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு குழாய் உண்டு. அக்குழாயினுள் வெள்ளிக்காசு போன்ற ஒரு வட்டத் தகடு, நடுவே ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். தகடு குறுக்கே நிற்கும்போது வழி ஏறக்குறைய அடைபடும். அச்சு திரும்பத் திரும்ப வழி அகலும். தகடு குழாயின் நீளவாக்கில் நிற்கும்போது வழி முழுமையாகத் திறந்துவிடும். மிதியிலிருந்து காலை எடுத்தால் சுருள்வில் ஒன்று தகட்டை மீண்டும் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தும்.

மூச்சிழுக்கும் இயந்திரம்

காற்று எதனால் உள்ளே பாய்கிறது? இயந்திரத்தின் உருளைகளுக்குள் உந்திகள் மேலும் கீழும் இயங்குகின்றன. ஒவ்வோர் உந்தியும் நான்கு வீச்சுகளில் ஒரு சுற்றை நிறைவு செய்கிறது: இழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல். இழுக்கும் வீச்சில் உந்தி கீழே இறங்க, உருளைக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று விரைகிறது.

இதனை வகுப்பறையிலேயே உணர்த்தலாம். ஊசி நீக்கிய மருந்தேற்றுக் குழல் ஒன்றை மாணவரிடம் கொடுத்து, அதன் முனையை விரலால் பாதி மூடியபடி உள்தண்டை இழுக்கச் சொல்லலாம். தண்டு எளிதில் வாராது; உள்ளிருந்து ஏதோ பின்னிழுப்பது போலத் தோன்றும். விரலை எடுத்ததும் தண்டு இலகுவாக நகரும். இங்கே விரலே காற்று மதகு, தண்டே உந்தி. மதகு மூடியிருக்கும்போது, அதற்கும் உருளைகளுக்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். வண்டி நின்றபடி இயந்திரம் மெல்லச் சுழலும் நிலையில், அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்வதுண்டு. இக்குறையழுத்தம் பிறகு நமக்குப் பயன்படப் போகிறது, நினைவில் கொள்வோம்.

புகுந்த காற்றுக்கு எண்ணெயை அளந்து சேர்ப்பது கணினியின் வேலை. பெட்ரோல் செம்மையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படும். உள்ளே வரும் காற்றை ஓர் உணரி அளக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி அதற்கேற்ற எண்ணெயைப் பீய்ச்சச் செய்கிறது. எரிந்த புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மற்றோர் உணரி சோதித்துக் கணக்கைத் திருத்துகிறது. பழைய கார்புரேட்டர் முறையிலும் வரிசை இதுவே. குறுகிய கழுத்து வழியே விரையும் காற்றுத்தான் எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்றது. திடீரென மிதிக்கும்போது மட்டும், கலவை மெலிந்துவிடாதிருக்க, ஒரு சிறு பம்பு சற்று எண்ணெயைக் கூடுதலாகப் பீய்ச்சியது.

வேகம் என்பது விளைவு

மதகைத் திறந்தால் காற்று கூடும். காற்று கூடினால் எண்ணெய் கூடும். ஒவ்வொரு வெடிப்பும் வலுப்பெறும். சுழலும் தண்டின் மீது முறுக்கு விசை மிகும். மதகு நேராகக் கட்டுப்படுத்துவது இந்த முறுக்கு விசையை மட்டுமே. அவ்விசைக்கும் அதை எதிர்த்து நிற்கும் சுமைக்கும் இடையிலான போட்டியில் விளையும் முடிவே இயந்திரத்தின் வேகம்.

கெந்திங் மலைச்சாலையில் ஏறும் வண்டியை எண்ணிப் பார்ப்போம். சமதரையில் மிதியை எவ்வளவு அழுத்தினோமோ அவ்வளவே ஏற்றத்திலும் அழுத்தினால் வேகம் குறைகிறது. மதகு மாறவில்லை, சுமை மாறிவிட்டது. மாறாக, கியர் இணையாத நிலையில் மிதியை இலேசாகத் தொட்டாலே இயந்திரம் சீறி எழுகிறது. எதிர்த்து நிற்கச் சுமை இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது காலை எடுத்துத் தாழ்ந்த கியரில் வந்தால் வண்டி தானே கட்டுப்படுகிறது. மூடிய மதகுக்கு எதிராக உந்திகள் மூச்சிழுக்க முயன்று களைப்பதும் அதற்கொரு காரணம். பாதி மூடிய குழலின் தண்டை இழுத்த மாணவர் உணர்ந்த அதே தடைதான் அது.

சுமை மாறினாலும் வேகம் மாறாதிருக்க வேண்டுமானால், மதகை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீராவி இயந்திரத்தில் இதைத் தானியங்கியாகச் செய்தவர் ஜேம்ஸ் வாட். சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அவர் 1788ஆம் ஆண்டில் நீராவி மதகோடு இணைத்தார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி மதகை ஒடுக்கும்; வேகம் தளர்ந்தால் அவை தாழ்ந்து மதகைத் திறக்கும். இன்றைய மகிழுந்திலும் இதே கொள்கை வேறு வடிவில் வாழ்கிறது. சாலை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் பொதுவாக நிமிடத்துக்கு 600 முதல் 900 முறை சுழல்கிறது. குளிர்சாதனக் கருவி இயங்கத் தொடங்கியதும் சுமை கூடுகிறது. இயந்திரம் அணைந்துவிடாதிருக்க, கணினி காற்று வழியைச் சற்றே அகலமாக்குகிறது. நம் நாட்டு வெயிலில் குளிர்சாதனம் ஓயாது இயங்குவதால், ஓட்டுநர் அறியாமலேயே இத்திருத்தம் ஒரு பயணத்தில் பன்முறை நிகழ்கிறது.

கம்பியிலிருந்து மின்குறிப்புக்கு

1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் பொருத்திய வண்டி. அக்கால வண்டிகளில் மிதிக்கும் மதகுக்கும் இடையே ஒரு முறுக்குக் கம்பி ஓடியது. கால் நகர்ந்த அளவுக்குத் தகடு திரும்பியது. இன்று பெரும்பாலான மகிழுந்துகளில் அக்கம்பி இல்லை. மிதியின் நிலையை உணரிகள் கணினிக்குத் தெரிவிக்கின்றன. கணினி ஒரு சிறு மின்னோடியை இயக்கி மதகைத் திருப்புகிறது. நாம் காலால் இடுவது கட்டளை அன்று, வேண்டுகோள் என்று சொன்னாலும் தகும். சக்கரம் வழுக்குகிறதா, பிரேக் அழுத்தப்பட்டுள்ளதா என்பனவற்றையும் கருதிய பின்னரே கணினி மதகைத் திறக்கிறது.

பிழை நேராதிருக்க மிதியில் இரண்டு உணரிகளும் மதகில் இரண்டு உணரிகளும் வைக்கப்படுகின்றன. ஒன்று சொல்வதை மற்றொன்று உறுதிப்படுத்த வேண்டும். இரண்டும் முரண்பட்டால் கணினி எதையும் நம்பாமல் மின்னோடியை நிறுத்திவிடும். அப்போது சுருள்வில் தகட்டைச் சிறு திறப்பில் நிறுத்தும். வண்டி ஓரமாகச் செல்லும் அளவுக்கு மட்டும் வலு இருக்கும். இயந்திர எச்சரிக்கை விளக்கும் எரியும்.

அடிக்கடி நேரும் பழுதுகள்

முதலாவது, கரிப் படிவு. இயந்திரத்துக்குள்ளிருந்து மீண்டும் காற்றுக் குழாய்க்கு அனுப்பப்படும் எண்ணெய் ஆவி, தகட்டின் விளிம்பில் கரிய பிசினாகப் படிகிறது. வேகமாக ஓடும்போது வழி அகன்றிருப்பதால் படிவால் தொல்லை தெரிவதில்லை. வண்டி நிற்கும்போது காற்று நுழையும் இடைவெளி மிகக் குறுகியது. அவ்விடைவெளியைப் படிவு அடைத்துவிட்டால் இயந்திரம் நடுங்கும், குளிர்சாதனம் இயங்கியதும் அணைந்தும் போகும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை நோக்கி வரிசையில் ஊர்ந்து செல்லும் வண்டி அடிக்கடி அணைவதும், நெடுஞ்சாலையில் அதே வண்டி குறையின்றி ஓடுவதும் இப்பழுதுக்குரிய அடையாளம். மருந்து, மதகைத் துப்புரவு செய்வது. மின்னோடி உள்ள மதகின் தகட்டை விரலால் வலிந்து திருப்புதல் கூடாது. உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் சேதமடையக்கூடும். துப்புரவுக்குப் பின் பல வண்டிகளில் மதகின் மூடிய நிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாததால் வேகம் ஏறிப்போய், "சுத்தம் செய்த பிறகுதான் கெட்டுப்போயிற்று" என்று வருந்துவோர் உண்டு.

இரண்டாவது, திருட்டுக் காற்று. மதகைத் தாண்டியுள்ள ரப்பர்க் குழாய் வெப்பத்தால் வெடித்தாலோ, இணைப்பு தளர்ந்தாலோ, குறையழுத்தம் அவ்வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். மதகு மூடியிருந்தும் காற்று புகுவதால், நிற்கும் வண்டியின் இயந்திரம் வழக்கத்தைவிட விரைந்து சுழலலாம். அல்லது வேகம் ஏறுவதும் இறங்குவதுமாகத் தத்தளிக்கலாம். உன்னிப்பாகக் கேட்டால் 'உஸ்' என்னும் ஓசை சில வேளைகளில் புலப்படும்.

மூன்றாவது, உணரிக் கோளாறு. மதகின் நிலையை அறிவிக்கும் உணரி தேய்ந்துவிட்டால், மிதியை அழுத்தியும் வண்டி ஒரு கணம் தயங்கும், பின்னர் துள்ளும். காற்றை அளக்கும் உணரியில் தூசு படிந்தால் எண்ணெய்க் கணக்கு தவறும். இழுவை குன்றும், எரிபொருள் வீணாகும். இத்தகைய வேளையில் கணினியில் பதிவாகியுள்ள பழுதுக் குறியீட்டைப் படித்தறியாமல் எந்த உறுப்பையும் மாற்றுதல் வேண்டா.

நான்காவது, கம்பிச் சிக்கல். பழைய மகிழுந்துகளிலும் கம்பி வைத்த மோட்டார் சைக்கிள்களிலும் இது நேரும். கம்பி துருப்பிடித்தாலோ இழை பிரிந்தாலோ, கைப்பிடியை அல்லது மிதியை விட்ட பின்னும் மதகு மூடாது. இதனைச் சிறு பழுதென்று தள்ளிப்போடக் கூடாது. அன்றே சீர்செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, காற்று வடிகட்டி அடைபடுதல். மதகு முழுமையாகத் திறந்தும் மூச்சு போதாமையால் ஏற்றத்தில் வலு குறையும். இதற்குத் தீர்வு ஒரு புதிய வடிகட்டி.

இவ்வைந்தும் மூச்சோடு தொடர்புடையவை. மிதி எண்ணெயைத்தான் செலுத்துகிறது என்று நம்புபவர், வண்டி திணறியதும் எண்ணெய்ப் பம்பையும் பீய்ச்சிகளையும் மாற்றப் பணம் செலவிடக்கூடும். எண்ணெய் வழியிலும் பழுது நேர்வதுண்டு. ஆயினும் குறைந்த செலவில் சோதிக்கத்தக்க காற்று வழியை முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

மிதி சிக்கிக்கொண்டால்

2009 ஆகஸ்டு 28ஆம் நாள், அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கருகே ஒரு லெக்சஸ் மகிழுந்து கட்டுக்கடங்காமல் விரைந்து மோதியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். வேறொரு வகை வாகனத்துக்குரிய ரப்பர்த் தரைவிரிப்பு அதில் இடப்பட்டிருந்தது; அது மிதியைப் பிடித்துக்கொண்டதாக விசாரணை கூறியது. அதன் பின்னர் டொயோட்டா நிறுவனம் தரைவிரிப்புக்காகவும், மெல்லத் திரும்பும் மிதிகளுக்காகவும் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னணு அமைப்பே காரணமோ என்று நாசா பொறியாளர்கள் ஆய்ந்தனர். அத்தகைய குறை கண்டறியப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. மென்பொருள் பற்றிய வழக்காடல் அதன் பின்னும் நீதிமன்றங்களில் தொடர்ந்தது. ஆயினும் ஒரு தரைவிரிப்பு உயிரைப் பறிக்கும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அந்நிலை நமக்கு நேர்ந்தால் என் செய்வது? முன்னர் நினைவில் கொண்ட குறையழுத்தம் இங்கே முன்வருகிறது. பெட்ரோல் மகிழுந்துகள் பலவற்றில், பிரேக்கை அழுத்தும் காலுக்குத் துணைவலு தருவது அந்தக் குறையழுத்தமே. மதகு முழுமையாகத் திறந்து நின்றால் குறையழுத்தம் மறைந்துவிடும். துணைக்கலனில் சேமித்த அளவு ஓரிரு முறை அழுத்துவதற்கே போதும். விட்டு விட்டு அழுத்தினால் அச்சேமிப்பு தீர்ந்து, பிரேக் கல்லாக இறுகிவிடும். ஆகவே செய்ய வேண்டியவை இவை:

பிரேக்கை ஒரே முறையாக, முழு வலுவோடு அழுத்திப் பிடித்தல் வேண்டும். இடையில் காலை எடுக்கலாகாது. உடனே கியரை நடுநிலைக்கு மாற்ற வேண்டும். இயந்திரம் பேரொலியோடு சுழலும். அஞ்ச வேண்டியதில்லை, சக்கரங்களோடு அதற்குள்ள தொடர்பு அறுந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே இயந்திரத்தை அணைக்க வேண்டும். ஓடும்போதே சாவியைப் பிடுங்கினால் திசைமாற்றி பூட்டிக்கொள்ளக்கூடும். குனிந்து விரிப்பை இழுக்க முயல்வது பார்வையைச் சாலையிலிருந்து அகற்றிவிடும். நின்ற பிறகே அதைச் செய்யலாம். பிரேக்கும் முடுக்கும் மிதியும் ஒருங்கே அழுத்தப்பட்டால் பிரேக்குக்கே முதன்மை தரும் ஏற்பாடு இன்றைய வண்டிகள் பலவற்றில் உண்டு. எனினும் விரிப்பைக் கொக்கியில் மாட்டுவதும், ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பு இடாதிருப்பதும் ஓட்டுநரின் கடமை.

சொல்லும் பொருளும்

எண்ணெய் மிதி என்னும் வழக்கு முற்றிலும் பொய்யோ எனில், அன்று. டீசல் இயந்திரத்தில் அது பெரும்பாலும் மெய். அங்கே காற்று தடையின்றி நுழைகிறது. மிதி கூட்டிக் குறைப்பது எண்ணெயின் அளவையே. லாரி ஓட்டுநர் எண்ணெய் கொடுப்பதாகச் சொன்னால் அவர் சொல் சரியானதே. பெட்ரோல் வண்டியில் அதே மிதி காற்றைத் திறக்கிறது. மின்சார வண்டியில் காற்றும் இல்லை, எண்ணெயும் இல்லை. மிதி மின்னோட்டத்தைக் கோருகிறது. மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்தும் தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு: முடுக்கி. உள்ளே எது செல்கிறது என்று அது கூறுவதில்லை. மிதியின் செயலை மட்டுமே கூறுகிறது. முடுக்குதல் என்னும் வினை நம் மொழியில் பழையது. அதன் பொருளை மாணவருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பேச்சுவழக்கை விலக்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. வீட்டிலும் சாலையிலும் எண்ணெய் மிதி வாழட்டும். அறிவியல் வகுப்பில் அச்சொல்லையே ஒரு வினாவாக்கலாம். "இதற்கு ஏன் இப்பெயர்? இப்பெயர் எந்த வண்டிக்குப் பொருந்தும், எந்த வண்டிக்குப் பொருந்தாது?" என்று ஆசிரியர் வினவட்டும். மாணவர் ஒரு மருந்தேற்றுக் குழலைக் கையிலெடுத்து, விரலால் அதன் வாயை மூடித் திறந்து, விடையைத் தாமே கண்டறியட்டும். வீடு திரும்பியதும் தந்தையின் வண்டியில் தரைவிரிப்பு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்களாயின், அப்பாடம் பயன் தந்தது எனலாம்.